மேட்டூர் தண்ணீரில் கருவி இறக்குமுன் கழற்றும் தேதியையும் எழுதிவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒட்டுமீனைப் பார்த்து அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் செய்திருக்கும் கருவியைப் பற்றித் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். மனித உடம்புக்குள் மருந்தையும் சென்சாரையும் பிடித்து வைப்பதற்காகச் செய்த அந்தக் கருவியை, நீருக்கடியில் மீன்களைக் கண்காணிக்கவும் பயன்படுத்தலாம் என்று கட்டுரை சொல்கிறது. அதன் கடைசிப் பத்தியைப் படித்ததிலிருந்து இந்தக் கடிதத்தை எழுத வேண்டும் என்ற எண்ணம் என்னை விடவில்லை. நான் சேலத்தில் சிறுநீரகவியல் வார்டிலும் அதன் அறுவை அரங்கிலும் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பிறந்த வீடு கொளத்தூர்ப் பக்கம், மேட்டூர் நீர்த்தேக்கத்தின் கரை. தம்பி இன்றும் பண்ணவாடித் துறையில் பரிசல் போட்டு மீன் பிடிக்கிறான். உடம்புக்குள் ஒரு பொருளை நிறுத்தி வைப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அந்தத் தண்ணீரையும் கொஞ்சம் தெரியும்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். இப்படிப்பட்ட கருவிகள் நம் நீர்நிலைகளுக்கு வர வேண்டும், சீக்கிரமே வர வேண்டும். ஆனால் எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதை மட்டும் பார்த்து ஒரு கருவியை நல்ல கருவி என்று சொல்லிவிடக் கூடாது. எப்போது, யார், எப்படி அதைக் கழற்றுவார்கள் என்பது முதல் நாளே எழுதப்பட்டிருக்க வேண்டும். மருத்துவம் இந்தப் பாடத்தை நோயாளிகளின் வலியில் படித்தது. தண்ணீரில் வேலை செய்யப்போகிறவர்கள் அதை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியதில்லை.

கட்டுரையைப் பார்க்காத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுறா, திருக்கை போன்ற பெரிய மீன்களின் உடம்பில் ஒட்டிக்கொண்டு சவாரி போகும் மீன் ஒன்று கடலில் உண்டு. அதுதான் ஒட்டுமீன். அதன் முதுகுத் துடுப்பே காலப்போக்கில் தலைமேல் ஒரு வட்டத் தட்டாக மாறியிருக்கிறது. தட்டின் விளிம்பு மெத்தென்று இருக்கும். உள்ளே வரிசை வரிசையாகத் தகடுகள், தகடுகளின் மேல் நுண்ணிய முட்கள். விளிம்பு காற்றோ நீரோ புகாமல் அடைத்துக்கொள்ளும். தகடுகள் நிமிர்ந்தால் உள்ளே அழுத்தம் குறைந்து உறிஞ்சிப் பிடிக்கும். முட்கள் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும். இதையே சிலிகோனிலும், சூட்டுக்கு ஏற்ப வடிவம் மாறும் உலோகக் கலவையிலும் செய்து, 2025 ஜூலையில் 'நேச்சர்' ஆய்விதழில் வெளியிட்டார்கள். உணவுக்குழாயில் ஒட்டவைத்து அமிலம் மேலேறுவதை அளப்பது, எச்.ஐ.வி. மருந்தை மெதுவாகக் கசியவிடுவது என்று மருத்துவப் பயன்களையும் சோதித்திருக்கிறார்கள். தொட்டியில் நீந்தும் திலேப்பியா மீனின் மேல் வெப்பநிலை சென்சாரோடு ஒட்டிப் பார்த்ததில், மீன் வேகமாக நீந்தியும் கருவி விழவில்லை. நம் ஊரில் ஜிலேபி என்று விற்கிறோமே, அதே மீன்தான்.

இது நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் தண்ணீர் குறைந்த கோடையில் ஒரு முறை பண்ணவாடிக்கோ கோட்டையூருக்கோ போய் நின்று பார்க்கட்டும். கரையோரம் பச்சைப் பெயிண்ட் கரைத்து ஊற்றியதுபோல் பாசி மிதக்கும். வாடை ஊருக்குள் வரும். சில சமயம் காலையில் மீன்கள் செத்து மிதக்கும். அப்புறம் யாராவது வந்து பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் போவார்கள். எடுப்பது பெரும்பாலும் காலை பத்து, பதினொரு மணிக்கு, கரையோரத்தில், வெயில் நன்றாக ஏறிய பிறகு.

அந்த நேரத்தில் எடுத்தால் என்ன தெரியும்? பாசியும் செடியைப் போலத்தான். பகலில் வெயில் இருக்கும்வரை ஆக்ஸிஜனைத் தண்ணீருக்குள் விடும். இரவில் அதுவே மூச்சு விட்டு ஆக்ஸிஜனைத் தின்னும். செத்த பாசி அழுகும்போது நுண்ணுயிர்கள் மீதியையும் எடுத்துக்கொள்ளும். அதனால் ஆக்ஸிஜன் அடிமட்டத்துக்குப் போவது விடிகாலை, கிழக்கு வெளுப்பதற்குச் சற்று முன். 30 டிகிரி சூட்டில் இருக்கும் தண்ணீர் முழுக்க நிறைந்தாலும் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் அளவுக்குத்தான் ஆக்ஸிஜனைப் பிடித்து வைக்கும். கெண்டை இனங்கள் நலமாக வளர 5 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் மேலே வந்து வாயைப் பிளக்க ஆரம்பிக்கும். பதினொரு மணி பாட்டிலோ எல்லாம் சரியாக இருக்கிறது என்றே சொல்லும். தம்பி இதை விஞ்ஞானம் படித்துச் சொல்லவில்லை. "ராத்திரி மூணு மணிக்கு வலை எடுக்கப் போறப்ப ஜிலேபி எல்லாம் மேல வந்து வாயை வாயைத் திறக்குதுக்கா, ஏழு மணிக்குப் பார்த்தா ஒண்ணையும் காணோம்" என்கிறான். ஜிலேபிக்கே மூச்சு முட்டினால் கட்லாவும் ரோகுவும் என்ன ஆகும்?

மருத்துவத்தில் இதே சிக்கலை எப்படித் தீர்த்தார்கள் என்று பாருங்கள். நெஞ்செரிச்சலோடு வருகிறவருக்கு ஓ.பி.யில் உட்காரவைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அமிலம் மேலே ஏறுவது சாப்பிட்ட பின், படுத்த பின், நள்ளிரவில். அதனால் உணவுக்குழாயின் உட்சுவரிலேயே ஒரு சிறு கேப்ஸ்யூலைப் பொருத்திவிடுவார்கள். பொருத்தும் முறை அழகானது. கேப்ஸ்யூலில் ஒரு சின்னக் குழி இருக்கும். வெளியிலிருந்து பம்ப் மூலம் உறிஞ்சினால் சுவரின் மெல்லிய தோல் அந்தக் குழிக்குள் வரும். உடனே ஒரு ஊசி குறுக்கே பாய்ந்து பூட்டிக்கொள்ளும். இரண்டு நாள், சிலருக்கு நான்கு நாள், அமில அளவை ரேடியோ மூலம் இடுப்பில் கட்டிய பெட்டிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். நோயாளி வேலைக்குப் போகலாம், தூங்கலாம், சாப்பிடலாம். வேலை முடிந்த சில நாட்களில் பிடித்த தோல் தானே உதிர, கேப்ஸ்யூலும் கழன்று மலத்தோடு போய்விடும். கழற்றுவதற்கு ஒருவரும் வர வேண்டியதில்லை. அளப்பவர் வரும் நேரத்துக்கு நோய் காத்திருக்காது என்பதால்தான் அளக்கும் பொருளை நோயின் பக்கத்திலேயே நிறுத்தினார்கள். மேட்டூருக்குத் தேவை அந்த மாதிரி ஒன்று.

1934-இல் திறந்த அணை அது. 120 அடி நிறைந்தால் 93.47 டி.எம்.சி. தண்ணீர் நிற்கும். அவ்வளவு பெரிய நீர்த்தேக்கத்தைப் பற்றித் தினமும் நாம் செய்தித்தாளில் படிப்பது மூன்று எண்கள்: நீர்மட்டம், நீர்வரத்து, நீர் வெளியேற்றம். அந்தத் தண்ணீரின் உடல்நிலையைச் சொல்லும் எண் ஒன்றுகூட இல்லை. சேலத்தில் நாம் குடிப்பதும் அந்தத் தண்ணீரைத்தான்.

நீருக்குள் ஒரு பொருளை நிறுத்துவது எப்படி என்று கேட்டால் பொறியாளர்கள் கல்லையும் கயிற்றையும் மிதவையையும் நினைப்பார்கள். மேட்டூரில் நீர்மட்டம் ஒரே ஆண்டில் பல பத்து அடி ஏறி இறங்கும். தை மாதம் கட்டிய கயிறு வைகாசியில் தரையில் கிடக்கும். ஆடிப் பெருக்கில் மிதவை அடித்துக்கொண்டு போகும். மீன் அப்படியில்லை, தண்ணீர் எங்கே போகிறதோ அங்கே போகும், ஆழத்தையும் தானே தேடிக்கொள்ளும். அதனால்தான் மீன்மேல் ஒட்டும் யோசனை எனக்குப் பிடித்தது. ஆனால் மருத்துவத்தில் ஒட்டுமீன் தட்டைத் தவிர வேறு பல பிடிகளும் இருக்கின்றன. அவற்றையும் நம் மாணவர்கள் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் எளியது யூரின் டியூப். ஃபோலி என்ற அமெரிக்க மருத்துவர் 1930களில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. டியூபின் நுனியில் ஒரு சின்ன பலூன். சிறுநீர்ப்பைக்குள் போனதும் 10 மில்லி தண்ணீர் ஏற்றினால் பலூன் உப்பி, டியூப் வெளியே வராமல் நிற்கும். தையல் இல்லை, பசை இல்லை, ஊசி இல்லை. ஏன் காற்று ஏற்றுவதில்லை என்று புதிதாக வரும் மாணவிகள் கேட்பார்கள். காற்று பலூனை மிதக்கவிட்டுவிடும், மெல்லக் கசிந்தும் போகும். ஏன் சலைன் ஏற்றக் கூடாது? உப்பு படிந்து பலூனின் குழாயை அடைத்துவிட்டால் எடுக்கும் நாளில் பலூன் சுருங்காது. அதனால் டிஸ்டில்ட் வாட்டர்தான். இந்த இரண்டு விதியும் நீருக்கடியில் வேலை செய்பவர்களுக்கு அப்படியே பொருந்தும். 10 மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். காற்று அடைத்த பலூன் அந்த ஆழத்தில் பாதியாகச் சுருங்கிப் பிடியை விட்டுவிடும். தண்ணீர் அடைத்த பலூனுக்கு அந்தக் கவலை இல்லை.

பலூன் பிடியை நடக்கவும் வைக்கலாம். 2001-இல் ஜப்பானின் யமமோட்டோ என்ற மருத்துவர் சிறுகுடலுக்குள் எண்டோஸ்கோப்பைக் கொண்டுபோக இரட்டை பலூன் முறையை அறிவித்தார். ஒரு பலூன் உப்பிக் குடலைப் பிடித்திருக்கும்போது மற்றது முன்னால் நகரும். அது பிடித்ததும் இது விடும். மேட்டூரிலிருந்து சேலத்துக்கு வரும் குடிநீர்க் குழாயில் எங்கே கசிகிறது என்று பார்க்க ரோட்டைத் தோண்டுகிறோம். குடலுக்குள் புழுபோல் நகரும் ஒரு பொருள் குழாய்க்குள்ளும் நகரும். இதைப் பற்றி இங்கே அதிகம் எழுதவில்லை. குடிநீர்க் குழாய்க்குள் எதை விட்டாலும் முதலில் சுத்தம் பற்றிப் பேச வேண்டும், அது தனிக் கடிதம்.

இப்போது நான் உண்மையில் பேச வந்த டி.ஜே. ஸ்டென்டுக்கு வருகிறேன்.

சிறுநீரகக் கல்லுக்கு அறுவை செய்த பிறகு, சிறுநீரகத்துக்கும் சிறுநீர்ப்பைக்கும் நடுவே உள்ள மெல்லிய குழாய் வீங்கி அடைத்துவிடாமல் இருக்க, ஒரு நீண்ட பிளாஸ்டிக் குழலை உள்ளே வைத்து அனுப்புவார்கள். அதன் இரண்டு முனைகளும் கொக்கிபோல் சுருண்டிருக்கும். மேல் சுருள் சிறுநீரகத்தில், கீழ்ச் சுருள் சிறுநீர்ப்பையில். கம்பியில் நேராக நீட்டி உள்ளே தள்ளி, கம்பியை உருவியதும் சுருண்டு பிடித்துக்கொள்ளும். நான் பார்த்த பிடிகளிலேயே இதுதான் மிக எளிமையானது. நோயாளி டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போவார். சில வாரங்களில் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லி அனுப்புவோம். பலர் வருவார்கள். சிலர் வரமாட்டார்கள். வலி போய்விட்டது, கல் போய்விட்டது, உள்ளே ஒன்று இருப்பதே மறந்துபோய்விடும். நெசவு வேலை, கொலுசுப் பட்டறை வேலை, செங்கல் சூளை வேலை என்று நாள் கூலிக்காரர்கள். ஒரு நாள் ஓ.பி.யில் நின்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு.

அப்படி மறந்த ஸ்டென்ட் என்ன ஆகும் தெரியுமா? முதலில் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு வழவழப்பு படரும். அது நுண்ணுயிர்களின் படலம். அவற்றில் சில வகைகள் சிறுநீரில் உள்ள யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கும். சிறுநீர் அமிலத்தன்மை குறைந்து காரத்தன்மை அடையும். அப்படி ஆனதும் அதில் கரைந்திருந்த மக்னீசியமும் கால்சியமும் பாஸ்பேட்டாக உறைந்து குழல்மேல் படியும். மாதங்கள் போகப் போகக் குழலே கல்லாகிவிடும். சுருண்ட முனை நேராகாது, இழுத்தால் வராது, முறுக்கினால் முறியும். சில நிமிடங்களில் எடுத்திருக்க வேண்டிய ஒன்றுக்காக ஒன்றுக்கு மேற்பட்ட அறுவைகள் தேவைப்படும். சிலருக்குச் சிறுநீரகமே கெட்டுப்போகும். உலகம் முழுவதும் மருத்துவமனைகள் இதற்காகவே ஸ்டென்ட் பதிவேடு வைக்கின்றன. நாங்களும் வைத்தோம். யாருக்கு வைத்தோம், எந்தப் பக்கம், எந்தத் தேதி, எடுக்க வேண்டிய தேதி, நோயாளியின் போன், அது கிடைக்காவிட்டால் பக்கத்து வீட்டு போன். எடுக்கும் தேதி தாண்டிய பெயர்களைச் சிவப்பு மையில் சுழித்துவிட்டு, மதியம் வேலை குறையும் நேரத்தில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்காக போன் போடுவேன். மகளிடம் சொல்வேன், மருமகளிடம் சொல்வேன், டீக்கடைக்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பதிவேடு இல்லாத ஸ்டென்டை நான் பாதி சிகிச்சை என்றுதான் சொல்வேன்.

இதை அப்படியே தண்ணீருக்கு மாற்றிப் பாருங்கள். ஏரியில் இறக்கும் எந்தப் பொருளின் மேலும் சில நாட்களிலேயே வழவழப்பு படரும். சில வாரங்களில் பாசி. அப்புறம் நத்தையும் புழுவும் வந்து குடியேறும். ஆக்ஸிஜன் சென்சாரின் முகத்தில் பாசி படிந்தால், அது ஏரியின் ஆக்ஸிஜனைச் சொல்லாது. தன் மேல் படிந்த பாசியின் ஆக்ஸிஜனைச் சொல்லும். பகலில் பொய்யாக அதிகம், இரவில் பொய்யாகக் குறைவு. நான் எந்த விடிகாலை அளவுக்காக இவ்வளவும் எழுதுகிறேனோ அந்த அளவே கெட்டுப்போகும். இதற்காகச் சில கருவிகளில் செம்பு உறை போடுகிறார்கள், முகத்தைத் துடைக்கச் சின்ன பிரஷ் வைக்கிறார்கள். ஸ்டென்டிலும் வெள்ளிப் பூச்சு, ஹெப்பாரின் என்ற மருந்துப் பூச்சு என்று பலதும் முயன்றார்கள். பூச்சு நாளைத் தள்ளிப் போடுமே ஒழிய நாள் வராமல் செய்யாது. ஆகவே எந்தப் பூச்சு என்ற கேள்விக்கு முன்னால் எந்தத் தேதி என்ற கேள்வி வர வேண்டும்.

மீனின் தரப்பிலிருந்தும் பேச வேண்டும். மீன் உடம்பின் மேல் உள்ள கொழகொழப்பு அழுக்கில்லை. அதுதான் அதன் முதல் காவல். ஈரமில்லாத கையால் பிடித்தால்கூட அது உரிந்து, அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும் என்று மீன் வளர்ப்பவர்களுக்குத் தெரியும். அதன் மேல் நுண்ணிய முட்களோடு ஒரு தட்டு பல நாள் ஒட்டியிருந்தால் கீழே உள்ள தோல் என்ன ஆகிறது? நாங்கள் படுக்கையில் கிடக்கும் நோயாளிகளுக்கு டியூப் அழுத்தும் இடத்தை ஒவ்வொரு ஷிப்டிலும் பார்ப்போம். அழுத்தம் தொடர்ந்தால் புண் வரும். மீனுக்கு அப்படிப் பார்க்க யாரும் இல்லை. மீன்களில் கருவி பொருத்துபவர்களிடையே ஒரு பொது விதி உண்டு: கருவியின் எடை மீனின் எடையில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அரைக் கிலோ ஜிலேபிக்கு 10 கிராம். அதற்கு மேல் போனால் அது நீந்துவது அதன் இயல்பான நீச்சல் இல்லை, நாம் எடுக்கும் அளவும் இயல்பான அளவு இல்லை.

முதல் சோதனைக்கு ஜிலேபி சரியான மீன்தான். வெளிநாட்டிலிருந்து வந்து பெருகிய மீன், எந்தப் பற்றாக்குறையும் இல்லை. காவிரியின் திமில் மஹ்சீர் வேறு கதை. அழிவின் விளிம்பில் இருக்கும் இனமென்று 2018-இல் பன்னாட்டுச் செம்பட்டியலில் சேர்க்கப்பட்ட மீன் அது. அது எங்கே போகிறது, எங்கே முட்டையிடுகிறது என்று தெரிந்தால் காப்பாற்ற உதவும். வயிற்றைக் கீறிக் கருவி வைத்துத் தைப்பதைவிட வெளியே ஒட்டி, தானே உதிர்வது நல்லதாகவே இருக்கும். ஆனால் ஜிலேபியில் பல பருவம் பார்த்து, உதிர்ந்த இடத்தில் புண் இல்லை என்று உறுதியான பிறகுதான் அந்த மீனைத் தொட வேண்டும். முதுகெலும்புள்ள விலங்கை வைத்துச் சோதிக்க நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். மீனுக்கும் அது உண்டு என்பதை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

இன்னொன்று, யாரும் எழுதாதது. மேட்டூர் மீன் வளர்ப்பு மீன் இல்லை, ஆய்வகத்து மீனும் இல்லை. இன்று கருவி ஒட்டி விட்ட மீன் நாளை யார் வலையிலாவது விழும். அணைப் பக்கம் மீன் வறுத்து விற்கும் கடைகளுக்குப் போகும். கருவியைப் பிய்த்து எறிந்துவிட்டு மீனை வெட்டினால், உடைந்த உலோக முள் சதையில் தங்கிவிட்டால்? அதனால் கருவி தூரத்திலிருந்தே தெரியும் நிறத்தில் இருக்க வேண்டும். தமிழில் 'இந்த மீனை விற்க வேண்டாம், இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள்' என்று அச்சடித்திருக்க வேண்டும். கொண்டுவந்து தருபவருக்கு மீன் விலையும் அதற்கு மேல் ஒரு தொகையும் கொடுக்க வேண்டும். கடலில் மீனுக்கு அடையாளம் கட்டும் திட்டங்களில் இப்படிப் பரிசு கொடுப்பது பழைய வழக்கம். பரிசல்காரர்கள்தான் இந்தத் திட்டத்தின் பதிவேடு. அவர்களைக் கேட்காமல் ஆரம்பித்தால் கருவிகள் ஆற்றின் அடியில்தான் கிடக்கும்.

உடம்புக்குச் செய்ததை அப்படியே தண்ணீருக்கு எடுத்துப் போகவும் முடியாது. அந்த உலோகக் கலவையையே எடுத்துக்கொள்ளுங்கள். நிக்கலும் டைட்டானியமும் கலந்து சூட்டுக்கு வடிவம் மாறும் உலோகத்தை 1959 வாக்கில் உருவாக்கியது அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வகம். அங்கிருந்து அது மருத்துவத்துக்கு வந்து, ரத்தக்குழாய்க்குள் தானே விரியும் ஸ்டென்டாகவும், கம்பியில்லாத சிறு பேஸ்மேக்கரின் கொக்கியாகவும் ஆனது. இப்போது மீண்டும் தண்ணீருக்குப் போகிறது. ஆனால் மனித உடம்பு எப்போதும் 37 டிகிரி. மீனுக்குச் சொந்தச் சூடு இல்லை. தண்ணீரின் சூடுதான் அதன் சூடு. 37 டிகிரியில் விழித்து நிமிரும்படி செய்த முள் ஏற்காடு ஏரியின் குளிர்ந்த தண்ணீரில் விழிக்கவே விழிக்காது. நிக்கல் அளவையும் பதப்படுத்தும் சூட்டையும் மாற்றி அந்தப் புள்ளியைக் கீழே கொண்டுவர வேண்டும். மேட்டூருக்கு ஒரு கலவை, ஏற்காட்டுக்கு ஒரு கலவை. உலோகம் படிக்கும் மாணவர்களுக்கு இரும்பாலை உள்ள நம் ஊரில் இதைவிட நல்ல வேலை என்ன இருக்கிறது?

ஏற்காட்டில் இன்னொரு வித்தியாசமும் உண்டு. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. உறிஞ்சிப் பிடிக்கும் எந்தத் தட்டும் வெளியே உள்ள அழுத்தத்தை நம்பித்தான் பிடிக்கிறது. எனவே மேற்பரப்பில் அங்கே பிடி கொஞ்சம் தளர்ச்சிதான். ஆழம் போகப் போக நீரழுத்தம் அதைச் சரிக்கட்டிவிடும். தண்ணீரில் கரையும் ஆக்ஸிஜனும் அதே கணக்கில் குறையும். படகு ஓடும், சுற்றிலும் விடுதிகள் உள்ள ஏரி அது. நிறைந்தால் உபரி நீர் கிளியூர் அருவி வழியாகக் கீழே இறங்குகிறது. மேலே ஏரி கெட்டால் கீழேயும் கெடும்.

எங்கே ஆரம்பிக்கலாம் என்று கேட்டால், என் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஆரம்பிக்கலாம். கன்னங்குறிச்சி மூக்கனேரி. சேர்வராயன் மலையில் பெய்யும் மழை வந்து சேரும் ஏரி. 2010-இல் ஊர் மக்கள் சேர்ந்து தூர்வாரி, நடுவே திட்டுகள் போட்டு மரம் நட்டு மீட்டெடுத்தது. ஆழம் குறைவு, ஆட்கள் எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஏதாவது தவறினால் இறங்கி எடுத்துவிடலாம். முதலில் மீனே வேண்டாம். திட்டின் ஓரத்தில் ஒரு கல்லிலோ கம்பத்திலோ ஒட்டிப் பாருங்கள். எத்தனை நாளில் பாசி படிகிறது, எத்தனை நாளில் அளவு தடுமாறுகிறது, கழற்றினால் எப்படி வருகிறது என்று ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் பாருங்கள். அது தெரிந்தபின் ஜிலேபி, அதன்பின் மேட்டூர்.

இதற்கு வெளியூரிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை. கருப்பூரில் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. சேலத்தைச் சுற்றி உயிர்மருத்துவப் பொறியியல் சொல்லிக்கொடுக்கும் கல்லூரிகள் இருக்கின்றன. அந்த மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் புராஜெக்ட் தேடி அலைகிறார்கள். ஒரே மேசையில் ஒரு பொறியியல் ஆசிரியர், ஒரு மீன்வள அதிகாரி, ஒரு சிறுநீரகவியல் மருத்துவர், பண்ணவாடியிலிருந்து ஒரு பரிசல்காரர், நாலு பேரையும் உட்காரவைத்தால் பாதி வேலை முடிந்தது. பரிசல்காரருக்கு அன்றைய கூலியைத் திட்டச் செலவிலேயே எழுதுங்கள், ஓ.பி.யில் நின்று கூலி இழந்தவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். கிடைக்கும் அளவுகளைக் கோப்பில் பூட்டி வைக்காமல், நீர்மட்டத்தோடு சேர்த்து விடிகாலை ஆக்ஸிஜன் அளவையும் தினமும் தங்கள் நாளிதழில் ஒரு வரியாகப் போடுங்கள். மீன் பிடிப்பவர்கள் முதலில் அந்த வரியைத்தான் படிப்பார்கள்.

ஸ்டென்ட் பதிவேட்டை எப்படிக் கட்டங்கட்டி எழுதுவது, தேதி தாண்டியதை எப்படித் துரத்துவது என்பதைக் கருவிப் பதிவேட்டுக்கு ஏற்ப மாற்றித் தர நான் தயார். தம்பி தன் பரிசலையும் துறையையும் பழக்கப்பட்ட ஆட்களையும் தருவதாகச் சொல்லியிருக்கிறான். இந்த வேலையில் இறங்க விரும்பும் கல்லூரி ஆசிரியர்கள் தங்கள் அலுவலகத்துக்கு எழுதினால் அதை எனக்கு அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
கன்னங்குறிச்சி, சேலம்.